கறுப்பின் கவர்ச்சியும் அதன் கணக்கும்
கார் வாங்குவோருக்கு ஒரு பாடம்

பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தின் நடைமேடையில் நின்று கீழே தும்கூரு சாலையை நோக்கினால், நம் காலத்து விருப்பங்களின் ஊர்வலம் ஒன்று நகர்வதைக் காணலாம். சரக்கு லாரிகள், நிறுவனப் பேருந்துகள், இரும்புக் கம்பி ஏற்றிய சிறு வண்டிகள் ஆகியவற்றுக்கிடையே கார்கள் ஊர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வெண்ணிறத்தவையே. ஆயினும் அண்மை ஆண்டுகளில் மற்றொரு நிறம் கண்ணில் படுவது கூடியிருக்கிறது. உடல் கறுப்பு, சக்கரம் கறுப்பு, முன்முகத்துக் கிரில் கறுப்பு, நிறுவனத்தின் முத்திரைகூடக் கறுப்பு என முற்றும் இருண்ட கார்கள் அவை.

1970களின் இறுதியில் உருவான பீன்யா தொழிற்பேட்டை, ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பகுதிகளிலிருந்து வந்து இங்கே உழைத்து, பின்னர்ச் சொந்தமாகப் பட்டறை வைத்த தமிழர்கள் பலர். அத்தகைய ஒருவரை நாம் எண்ணிக்கொள்வோம். இருபது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர். இப்போது எட்டுப் பேருக்கு வேலை கொடுப்பவர். முதன்முறையாகக் கார் வாங்க முனைகிறார். மகனுக்கு முழுக் கறுப்பில் கார் வேண்டும். தாயாருக்கோ, 'கறுப்பு வண்டி நமக்கு ஆகாது' என்னும் அச்சம். இருவருக்கும் இடையே நிற்கும் அவர், கடனுக்கான தாள்களுடன் வங்கிக்கு வருகிறார்.

அவருக்கு நாம் என்ன விடை கூறலாம்? நிறம் அவரவர் விருப்பம் என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். ஆனால் வெப்பம், பராமரிப்பு, பாதுகாப்பு, சட்டம், காப்பீடு, கடன் என ஆறு கணக்குகள் இந்த ஒரு விருப்பத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

கறுப்பு வந்த வழி

காருக்குக் கறுப்பு புதிதன்று. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1908இல் அறிமுகப்படுத்திய மாடல் டி கார், 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. அன்று அது ஆடம்பரத்தின் அடையாளமன்று, சிக்கனத்தின் அடையாளம். ஒரே நிறம் என்றால் ஒரே வகை வண்ணம், ஒரே வரிசை உற்பத்தி, குறைந்த செலவு. 1920களில் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணங்கள் வந்தபின்னரே பல நிறக் கார்கள் பெருகின. அவ்வகை வண்ணத்தின் வணிகப் பெயரான 'டியூகோ' நம் ஊர்ப் பெயின்ட் பட்டறைகளில் இன்றும் வழங்குவதை வாசகர்கள் அறிவர்.

அதன்பின் நீண்ட காலம் பளபளக்கும் குரோமிய முலாமே செல்வத்தின் சின்னமாக விளங்கியது. பம்பர், கைப்பிடி, கண்ணாடி ஓரம், கிரில் என எங்கும் குரோமியம். இன்று அந்தச் சின்னம் தலைகீழாகியிருக்கிறது. குரோமியம் இருந்த இடங்களிலெல்லாம் கறுப்பைப் பூசி, 'சிறப்புப் பதிப்பு' என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இந்தியாவில் டாடா நிறுவனம் 2019இல் ஹாரியர் காருக்கு 'டார்க்' பதிப்பை வெளியிட்டது. பின்னர் ஹூண்டாயின் 'நைட்', மாருதி சுசுகியின் 'பிளாக்', எம்.ஜி.யின் 'பிளாக்ஸ்டார்ம்' எனப் பல பெயர்களில் இவ்வழக்கம் பரவிற்று.

இம்மாற்றத்தைப் பீன்யாவின் பட்டறைகள் மற்றொரு கோணத்தில் அறியும். குரோமிய முலாம் பூசும் தொழிலில் பயன்படும் ஆறிணைதிறக் குரோமியம் நச்சுத்தன்மை மிக்கது. பீன்யாவின் நிலத்தடி நீரில் அது கலந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் குரோமியம் டிரையாக்சைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளது. ஆகவே குரோமியத்தை விட்டுப் பவுடர் கோட்டிங்கையும் வண்ணப் பூச்சையும் நாடுவதில், நாகரிகத்துடன் ஊர்நலமும் சிறிது சேர்ந்திருக்கிறது. கறுப்பின் பக்கம் நாம் எழுதிவைக்க வேண்டிய முதல் வரவு இது.

கண் ஏன் மயங்குகிறது

கறுப்பு, ஒரு பொருளின் பிரிவுகளை மறைத்து அதனை ஒரே உருவாகக் காட்டும். கதவுகளுக்கும் பம்பருக்கும் இடையிலுள்ள இடைவெளிகள், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர்கள், உணர்விகளுக்கான துளைகள் யாவும் கறுப்பில் கரைந்துவிடும். கூரையைத் தாங்கும் தூண்களைக் கறுப்பாக்கினால் கண்ணாடிகள் இடையறாமல் தொடர்வதுபோல் தோன்றும். கூரை மிதப்பதுபோல் காட்சி தரும். கதவின் அடிப்பகுதியைக் கறுப்பாக்கினால் காரின் பருமன் குறைந்து உயரம் கூடியதுபோல் இருக்கும். இவையெல்லாம் வடிவமைப்பாளர் அறிந்து செய்யும் கண்கட்டு.

இதில் குறை காண ஏதுமில்லை. ஆயினும் ஓர் உண்மையை வாசகர் உணர்தல் நன்று. பெரும்பாலான சிறப்புப் பதிப்புகளில் இயந்திரமும் பிரேக்கும் இருக்கைச் சட்டமும் சாதாரணப் பதிப்பிலுள்ளவையே. மாறுவது நிறம், சில வேளைகளில் இருக்கை உறையும் ஒன்றிரண்டு வசதிகளும். கூடுதல் விலை எதற்காக என்பதை ஷோரூமில் இரண்டு விலைப்பட்டியல்களையும் அருகருகே வைத்து, வரி வரியாக ஒப்பிட்டு அறிய வேண்டும்.

'கறுப்பு ஆகாது' என்னும் தாயாரின் அச்சத்துக்கும் நாம் மரியாதையோடு விடை கூறலாம். கார்த்திகை மாதத்தில் கறுப்பு உடுத்தி மாலை அணிபவரும் நம் வீட்டினரே; ஊர் எல்லையில் கருப்பசாமியைக் காவலுக்கு வைத்து வணங்குபவரும் நம் ஊராரே. கறுப்பில் கவலைப்பட வேண்டியவை உண்டு. அவை அடுத்து வருகின்றன.

முதற் கணக்கு: வெயில்

கறுப்பு, தன் மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் உட்கொள்கிறது. உட்கொண்ட ஒளி வெப்பமாகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் ஒரே மாதிரியான இரண்டு கார்களை, ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்தி அளந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். கறுப்புக் கார் தன் மேல் விழுந்த சூரிய ஆற்றலில் 5 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பியது; வெள்ளி நிறக் காரோ 58 விழுக்காட்டைத் திருப்பியது. கறுப்புக் காரின் கூரை, மற்றதைவிட 25 டிகிரி செல்சியஸ் வரை மிகுதியாகச் சுட்டது. ஆனால் உள்ளிருந்த காற்றின் வேறுபாடு 5 முதல் 6 டிகிரி அளவே.

இம்முடிவில் இரு பாடங்கள் உள்ளன. கறுப்புக் கார் கூடுதலாகச் சூடாகும் என்பது மெய். அதேவேளை, கூரைக்கு இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி உள்ளே வரவில்லை என்பதும் மெய். ஏனெனில் காருக்குள் வெப்பத்தைக் கொண்டுவரும் முதன்மை வாயில் கண்ணாடி. எந்த நிறக் காராயினும், வெயிலில் மூடி நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்கும் மேல் உயரக்கூடும். ஆகவே குழந்தையையோ முதியவரையோ நிறுத்திய காருக்குள் சிறிது நேரமும் தனியே விடலாகாது. இவ்விதி வெள்ளைக் காருக்கும் கறுப்புக் காருக்கும் பொது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் இந்த 5 டிகிரி பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் நம் வாடிக்கையாளர் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் செல்வது வேலூருக்கோ திருச்சிக்கோ அன்றோ? அங்கே சித்திரை வெயிலில் கோயில் வாசலில் நிறுத்தி மீளும்போது அந்த 5 டிகிரியை உடல் அறியும்; ஏ.சி.யும் அறியும். உடல் வெள்ளையாக இருந்து, கூரை மட்டும் கறுப்பாக உள்ள இருநிறக் கார்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உச்சி வெயிலை நேராக ஏற்பது கூரையே.

இரண்டாம் கணக்கு: தூசியும் கீறலும்

கறுப்புக் காரைக் கழுவிய ஒரு மணி நேரம் போல் அழகான காட்சி வேறில்லை. மறுநாள் போல் வருத்தமான காட்சியும் வேறில்லை என்பது கறுப்புக் கார் வைத்திருப்போர் கண்ட உண்மை.

காரின் நிறத்துக்கு மேல் 'கிளியர் கோட்' எனப்படும் தெளிந்த மேற்பூச்சு உள்ளது. அதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போது, தூசியிலுள்ள மணற்துகள் அப்பூச்சில் மெல்லிய கோடுகளை இடுகிறது. கீறல் எல்லா நிறக் கார்களிலும் ஒரே அளவில்தான் விழுகிறது. ஆனால் கீறலில் பட்டுச் சிதறும் ஒளி வெண்மையானது. வெள்ளைப் பின்புலத்தில் அது மறைகிறது. கறுப்புப் பின்புலத்தில் சிலந்தி வலைபோல் எழுந்து நிற்கிறது. அதனைப் பாலிஷ் செய்து நீக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மேற்பூச்சில் சிறிது தேய்ந்து போகிறது. ஆகவே அது முடிவின்றிச் செய்யக்கூடிய மருத்துவமன்று.

அடுக்ககங்களில் காலைதோறும் ஒரு வாளி நீரும் ஒரே துணியும் கொண்டு பத்துக் கார்களைத் துடைப்பவரை நாம் அறிவோம். அவர் மீது குறையில்லை. ஆனால் கறுப்புக் காருக்கு அம்முறை பொருந்தாது. முதலில் நீரை ஊற்றித் தூசியை இறக்கி, ஷாம்பு கலந்த நீரால் மென்மையாகக் கழுவி, நுண்ணிழைத் துணியால் நீரை ஒற்றி எடுக்க வேண்டும். ஆயுத பூஜையன்று திருநீற்றையும் சந்தனத்தையும் காரின் உடலில் நேரடியாகக் குழைத்துப் பூசிக் காயவிட்டுப் பின்னர்த் தேய்த்து எடுப்பதும் கோடுகளை உண்டாக்கும். கண்ணாடியிலோ எண் பலகைக்கு மேலோ சிறு பொட்டாக இட்டால் வழிபாடும் நிறைவுறும், வண்ணமும் பிழைக்கும்.

பெங்களூரின் பல பகுதிகளில் வண்டி கழுவக் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். அதிலுள்ள சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகள், வெயிலில் உலர்ந்ததும் வெண்புள்ளிகளாகப் படியும். கறுப்பில் அவை பளிச்சென்று தெரியும். ஆகவே கறுப்புக் காரை நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுப்பதே முறை.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பீன்யா போன்ற இடங்களில் இரும்பைச் சாணை பிடிக்கும் தூள் காற்றில் மிதந்து காரின் மீது படிந்து துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் அது செம்புள்ளிகளாக உடனே தோன்றும். கறுப்புக் காரில் தோன்றாது. ஆனால் தோன்றாமை இல்லாமை ஆகாது. கழுவிய காரின் மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால், துருத்துகள் நீக்கும் கரைசலைப் பயன்படுத்த வேண்டும்.

பளபளப்பற்ற 'மேட்' கறுப்பை விரும்புவோர் மேலும் ஒன்றை அறிய வேண்டும். அதனைப் பாலிஷ் செய்ய இயலாது. செய்தால் அவ்விடம் மட்டும் மினுக்கும். சிறு கீறலுக்கும் முழுக் கதவையோ முழு பம்பரையோ மீண்டும் பூச நேரும். வண்ணம் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகள் வெயிலின் புறஊதாக் கதிரால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சாம்பல் நிறமாக வெளிறும்.

மூன்றாம் கணக்கு: சக்கரம்

அலாய் வீல்களைக் கறுப்பாக்குவது இன்று மிகப் பரவலான விருப்பம். பீன்யாவில் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகள் பல உள்ளமையால், 'நம் நண்பரிடமே கொடுத்து முடித்துவிடலாம்' என்னும் எண்ணம் எளிதில் எழும். அந்நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பவுடர் கோட்டிங்கில் உலோகத்தைத் துப்புரவு செய்து, மின்னேற்றிய தூளைத் தெளித்து, பின்னர் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். அலமாரிக்கும் சன்னல் சட்டத்துக்கும் இது சிறிதும் தீங்கன்று. அலாய் வீலோ வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்ற அலுமினியக் கலவை. அளவுக்கு மீறிய வெப்பத்திலோ, தேவைக்கு மேற்பட்ட நேரமோ அடுப்பில் வைத்தால் அந்த வலிமை குறையக்கூடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சாலைப் பள்ளத்தில் மோதும்போதே தெரியவரும்.

இரண்டாவது, சக்கரத்தின் போல்ட் அமரும் இடங்களும், அச்சு முகத்தோடு பொருந்தும் உட்பரப்பும் பூச்சின்றி மறைத்து வைக்கப்பட வேண்டும். அங்கே தடித்த பூச்சு இருந்தால், இறுக்கிய போல்ட் பூச்சு நசுங்க நசுங்கத் தளரும். ஆகையால் வெப்பத்தின் அளவு, நேரத்தின் அளவு, மறைப்பு ஆகிய மூன்றையும் கேட்டறிந்து, பொருத்திய பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை உரிய விசையில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். வெடிப்போ வளைவோ உள்ள சக்கரத்தைப் பூச்சால் மறைத்து விற்பதும் உண்டாதலால், பூசிய பழைய சக்கரங்களை விலை மலிவென்று வாங்குதல் தகாது.

நான்காம் கணக்கு: கண்ணாடியும் சட்டமும்

காருக்குக் கறுப்பு வேண்டும் என்போர் அடுத்துக் கேட்பது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிம். இங்கே விருப்பம் முடிந்து சட்டம் தொடங்குகிறது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன் பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று, அவிஷேக் கோயங்கா எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒளி ஊடுருவும் அளவு எதுவாயினும் கண்ணாடியின் மீது கறுப்பு பிலிம் உள்ளிட்ட எப்பொருளையும் ஒட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. இருண்ட கண்ணாடியுள்ள வண்டிகள் குற்றங்களை மறைக்க உதவுவதே அத்தீர்ப்பின் பின்னணி. தயாரிப்பாளரே விதித்த அளவுக்குள் நிறமேற்றித் தரும் கண்ணாடிக்குத் தடையில்லை.

பின்னர் அவ்விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல், வரையறுத்த தரத்துக்கு உட்பட்ட பாதுகாப்பு மேற்பூச்சுக் கண்ணாடிக்கு இடமளிக்கப்பட்டது. இத்திருத்தத்தைச் சுட்டி, 70, 50 விழுக்காடு அளவுக்குக் குறையாமல் ஒளி விடும் தரமான பிலிமுக்கு அபராதம் விதிக்கலாகாது என 2024இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனைக் கேட்டுச் சிலர் 'தடை நீங்கிவிட்டது' என்கின்றனர். அவர்கள் தீர்ப்பைப் பாதியே படித்தவர்கள். ஒளி அளவு அப்படியே இருக்கிறது. உள்ளிருப்போர் முகம் தெரியாத கரும் பிலிம் நேற்றும் குற்றம், இன்றும் குற்றம். மேலும், ஒரு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பைச் சுட்டி மற்றொரு மாநிலச் சாலையில் காவலரோடு வாதிடும் நிலை நமக்கு வேண்டாம். கண்ணாடிக்கே ஓரளவு இயல்பான நிறம் உண்டாதலால், அதன்மேல் ஒட்டும் தெளிந்த பிலிமும் சேர்ந்து அளவுக்குக் கீழே போகக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

'வெயிலுக்காகவே ஒட்டுகிறோம்' என்பது அடிக்கடி கேட்கும் விடை. வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. ஆகவே கருமை மிகுந்தால் குளிர்ச்சி மிகும் என்பது பிழை. அகச்சிவப்பைத் தடுக்கும் தெளிந்த கண்ணாடி, மலிவான கரும் பிலிமைவிட நன்கு காக்கக்கூடும். கார் வாங்கும்போதே அத்தகைய கண்ணாடி உள்ள வகையைக் கேட்டுப் பெறுவது சட்டத்துக்கும் உகந்தது, உடலுக்கும் உகந்தது.

ஐந்தாம் கணக்கு: காண்பதும் காணப்படுவதும்

இதுவே நம் பாடத்தின் மையம். பிற கணக்குகளில் இழப்பது பணம்; இதில் இழக்கக்கூடியது உயிர்.

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையத்தினர் பல ஆண்டு விபத்துப் பதிவுகளை வைத்து, காரின் நிறத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். கறுப்பு, சாம்பல், நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளி நிறக் கார்கள் பகல் வேளையில் வெள்ளைக் காரைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு வரை கூடுதலாக விபத்துக்கு உள்ளானதை அவர்கள் கண்டனர். வெள்ளையைவிடப் பாதுகாப்பானது என்று நிறுவத்தக்க நிறம் வேறொன்றும் இல்லை. இவ்வேறுபாடு மிகப் பெரிதன்று. விளக்கும் கவனமும் அதனை ஈடுசெய்யும். அந்தி மயங்கும் நேரத்திலும் மழையிலும் கறுப்புக் கார் ஓட்டுபவர் பிறருக்கு முன்பே விளக்கேற்றிவிடுவது நல்ல பழக்கம்.

ஆனால் அந்த விளக்கையே கறுப்பாக்கினால்? பின்விளக்குகளின் மீது புகைநிற பிலிம் ஒட்டுவதும் கரும் பூச்சைத் தெளிப்பதும் இன்று ஒரு மோகம். பாதி ஒளியை மட்டுமே விடும் பிலிமை ஒட்டினால், பிரேக் விளக்கின் ஒளி பாதியாகிறது. பகல் வெயிலில் அது எரிகிறதா என்பதே ஐயமாகும். அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் பின்னால் வருபவர்க்கு ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி கடக்கும் தொலைவு ஏறத்தாழ 17 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் 22 மீட்டர். பின்னால் வருவது இரும்புச் சுருள் ஏற்றிய லாரியாயின் அந்த 17 மீட்டரின் பொருள் என்ன என்பதைத் தும்கூரு சாலையில் நாள்தோறும் செல்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பின் இருக்கையில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் குழந்தையும் பாட்டியும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

ஆகவே இதில் நடுவழி இல்லை. விளக்குகளின் மீது எவ்வகைக் கருமையும் வேண்டா. தயாரிப்பாளரே இருண்ட தோற்றத்தில் அமைத்துத் தரும் விளக்குகள் ஒளி அளவு சோதிக்கப்பட்டு வருபவை. கடையில் ஒட்டும் பிலிம் அத்தகையதன்று.

ஆறாம் கணக்கு: பணம்

சிறப்புப் பதிப்புக்கு 40,000 ரூபாய் கூடுதல் விலை என்றும், அதனையும் கடனில் சேர்த்து 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்குச் செலுத்துவதாகவும் கொள்வோம். மாதத் தவணையில் அது ஏறத்தாழ 644 ரூபாயைக் கூட்டும். மாதக் கணக்கில் சிறிதாகத் தோன்றுவது, 84 தவணைகளில் ஏறத்தாழ 54,000 ரூபாயாகிறது. நிறத்துக்கு மட்டும் வட்டியாக 14,000 ரூபாய். 'மாதம் 644தானே' என்று கேட்பவர், 'மொத்தம் 54,000' என்பதையும் உடன் கேட்டுக்கொள்ளட்டும். அத்தொகையைக் கையிருப்பிலிருந்து முன்பணத்தோடு சேர்த்துச் செலுத்த இயலுமாயின் அதுவே சிக்கனம்.

அடுத்தது காப்பீடு. சாதாரண முழுக் காப்பீட்டில், விபத்தில் சேதமான ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பகுதிகளை மாற்றும்போது 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். வண்ணப் பூச்சில் பொருளின் விலைக்கும் 50 விழுக்காடு கழிவு உண்டு. கறுப்புப் பதிப்புகளின் அழகு பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் வண்ணத்திலுமே அமைந்திருப்பதால், இக்கழிவு உரிமையாளரின் பையிலிருந்தே போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீட்டை முதல் சில ஆண்டுகளுக்கேனும் எடுத்தல் நன்று. வெளியில் வாங்கிப் பொருத்திய அலாய் வீல் முதலியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெரிவிக்காத பொருளுக்கு இழப்பீடு கேட்பது கடினம்.

மூன்றாவது, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று. அதில் காரின் நிறமும் பதிவாகியுள்ளது. கடன் உள்ளவரை வங்கியின் பெயரும் பதிவாகியிருக்கும். வெள்ளைக் காரை முழுதும் கறுப்பாக மாற்ற விரும்புவோர், முதலில் கடன் ஒப்பந்தத்தை வாசித்து வங்கியின் எழுத்து வழி இசைவைப் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிவை மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை மாற்றலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியுள்ளது. பதிவும் வண்டியும் பொருந்தாதபோது, விற்கும் நாளிலும் இழப்பீடு கோரும் நாளிலும் கேள்வி எழும்.

பாடத்தின் தொகுப்பு

இப்போது நம் பட்டறை உரிமையாளரிடம் மீள்வோம். ஒவ்வொரு கறுப்பு அம்சத்துக்கும் அவர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று: இது யாருடைய பார்வையை மறைக்கிறது? ஒருவர் பார்வையையும் மறைக்காத கிரில், முத்திரை, கண்ணாடி ஓரப் பட்டை, இருக்கை உறை ஆகியன அவரவர் விருப்பம். ஓட்டுபவரின் பார்வையையோ பிறர் பார்வையையோ மறைக்கும் கரும் பிலிமும் புகைநிற விளக்கும் கூடா.

இரண்டு: இதனைச் செய்தவர் யார்? தொழிற்சாலையில் சோதித்துப் பொருத்தியது ஒன்று. கடைத்தெருவில் ஒட்டியது வேறொன்று. பின்னதற்கு உத்தரவாதம், சட்டம், காப்பீடு மூன்றையும் நாமே கேட்டறிய வேண்டும்.

மூன்று: இதனைப் பேண எனக்கு நேரமும் நிழலும் உண்டா? மூடிய நிறுத்துமிடமும் வாரம் ஒரு மணி நேரமும் உள்ளவர்க்குக் கறுப்பு அழகாகவே நிற்கும். பட்டறை வாசலில் வெயிலிலும் தூசியிலும் நிறுத்துபவர்க்கு வெள்ளையோ வெள்ளியோ பொறுமை தரும்.

இக்கேள்விகளுக்குப் பின்னரும் மகன் கறுப்பையே விரும்பினால், அவ்விருப்பத்தைத் தடுக்கக் காரணமில்லை. உடலும் கிரிலும் கறுப்பாக இருக்கட்டும். கண்ணாடி தெளிவாக இருக்கட்டும். விளக்கு தன் முழு ஒளியோடு எரியட்டும். பாட்டியின் மனநிறைவுக்காக ஓர் எலுமிச்சம்பழம் சக்கரத்தின் கீழ் நசுங்குவதிலும் தவறில்லை. கடன் தாளில் கையொப்பமிடும் முன், இரண்டு விலைப்பட்டியல்களையும் காப்பீட்டுத் தாளையும் உடன் கொண்டுவந்து கிளை அலுவலரிடம் காட்டுங்கள். மொத்தத் தொகையை இருவருமாக ஒருமுறை கூட்டிப் பார்த்த பின்னர் கையொப்பமிடலாம்.